காபிக்கு நேரமில்லை: பெங்களூரின் குறும்பயண விமானங்களும் அவற்றின் விலைக்கணக்கும்

2022 நவம்பர் 11 அன்று பெங்களூரில் பிரதமர் இரண்டு போக்குவரத்து விழாக்களில் கலந்துகொண்டார். கே.எஸ்.ஆர். ரயில் நிலையத்தில் மைசூருக்கும் சென்னைக்கும் இடையிலான வந்தே பாரத் ரயிலுக்குக் கொடியசைத்தார். பிறகு தேவனஹள்ளிக்குப் போய் கெம்பேகௌடா விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தையும் 108 அடி உயரக் கெம்பேகௌடா சிலையையும் திறந்துவைத்தார். ஒரே ஊரிலிருந்து ஒரே சென்னைக்குப் போக இரண்டு வழிகள், ஒரே நாளில் புதுப்பொலிவு பெற்றன. ரயிலில் சேர் கார் டிக்கெட் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். அதற்குள் சிற்றுண்டி, காபி எல்லாம் அடக்கம். வேண்டாம் என்றால் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டும் வாங்கலாம். விமானத்தில் நாளைப் பொறுத்து இரண்டாயிரமோ ஏழாயிரமோ. பெரும்பாலான நிறுவனங்களில் அதற்குக் கிடைப்பது ஒரு கோப்பைத் தண்ணீர், அதுவும் கேட்டால்.

“இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு ஒரு காபி கூடவா தரக்கூடாது?” என்ற குரலை இந்தத் தடத்தில் பறப்பவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் இருக்கிறது: டிக்கெட் விலை ஏறினால் உபசாரமும் ஏற வேண்டும், உபசாரம் குறைந்தால் விலையும் குறைய வேண்டும் என்பது. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணங்களில் இந்த இரண்டுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்து வெகுகாலம் ஆகிறது. அதை அவிழ்த்ததில் பெங்களூருக்கு எந்த இந்திய நகரத்தைவிடவும் பெரிய பங்கு உண்டு.

முடிச்சு எப்போது இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். 1953ஆம் ஆண்டு விமானக் கழகங்கள் சட்டம் உள்நாட்டு வான்வழியை இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கையில் கொடுத்தது. அந்தச் சட்டம் 1994இல்தான் நீக்கப்பட்டது. போட்டியே இல்லாத காலத்தில் கட்டணம் என்பது அரசு சொன்ன கட்டணம். சாப்பாட்டுத் தட்டும் அந்தக் கட்டணத்தின் அங்கமாகவே வந்தது. உலகின் மற்ற இடங்களிலும் கதை ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவில் 1978 வரை விமானக் கட்டணத்தை ஓர் அரசு வாரியம் தூரத்தை வைத்து வகுத்தது. விலையைக் குறைத்து ஆளை இழுக்க முடியாத நிறுவனங்கள் தட்டில் எதை வைக்கலாம் என்று போட்டி போட்டன. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் 1958இல் மலிவு வகுப்பு தொடங்கியபோது, கட்டணத்தோடு சாப்பாட்டையும் பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கமே வரையறுத்தது: எளிய, ஆறிய சாண்ட்விச் மட்டும். ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். தன் ஊர் வழக்கப்படி ஒரு துண்டு ரொட்டியின் மேல் இறைச்சியும் மீனும் காய்கறியும் அடுக்கி, இதுவும் சாண்ட்விச்தானே என்றது. பான் ஆம் புகார் கொடுத்தது, வழக்கு நடந்தது, எஸ்.ஏ.எஸ். அபராதம் கட்டியது. ரொட்டியின் மேல் எவ்வளவு வைக்கலாம் என்று உலகின் பெரிய விமான நிறுவனங்கள் சண்டை போட்டதற்குக் காரணம், விலையில் சண்டை போட அவற்றுக்கு உரிமை இல்லாததுதான்.

அந்த உரிமை கிடைத்தவர்கள் முதலில் கைவைத்தது சாப்பாட்டில். டெக்சாஸ் மாநிலத்துக்குள் மட்டும் பறந்ததால் அரசு வாரியத்தின் பிடிக்கு வெளியே இருந்த சவுத்வெஸ்ட் நிறுவனம், 1971இல் டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ நகரங்களுக்கு இடையே பறக்கத் தொடங்கியது. மறு ஆண்டே பணமுடையில் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தது. நான்கு விமானங்களின் வேலையை மூன்றைக் கொண்டு செய்ய வேண்டும். தரையிறங்கிய விமானம் பத்தே நிமிடத்தில் மீண்டும் புறப்பட்டால் அது முடியும் என்று கணக்குப் போட்டார்கள், செய்தும் காட்டினார்கள். சாப்பாட்டு வண்டிகளை ஏற்றுவது, எச்சில் தட்டுகளை இறக்குவது, இருக்கைப் பைகளில் திணித்த காகிதங்களைப் பொறுக்குவது எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடங்காது. சிக்கன விமானங்களில் சோறு போனதற்குச் சோற்றின் விலையை மட்டும் காரணமாக நினைப்பவர்கள் பலர். விமானம் தரையில் நிற்கும் நிமிடங்களின் விலை அதைவிடப் பெரிது.

இந்தக் கணக்கை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் கேப்டன் ஜி.ஆர். கோபிநாத். மேலுக்கோட்டையில் பிறந்து, ஹாசன் மாவட்டத்து கொரூரில் வளர்ந்து, ராணுவத்தில் சேர்ந்து 1971 போரைப் பார்த்து, விலகி வந்து பட்டுப்புழு வளர்த்தவர். 1997இல் பெங்களூரில் ஹெலிகாப்டர் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 2003இல் ஏர் டெக்கான் பிறந்தது. தமிழர்களுக்கு அவரைச் ‘சூரரைப் போற்று’ வழியாகத் தெரியும். படத்தில் நாயகன் சோழவந்தான்காரன் ஆகிவிட்டான். அது சினிமாவின் உரிமை. ஆனால் அந்தத் தொழில் ஏன் பெங்களூரில் முளைத்தது என்பது அதில் மறைந்துபோயிற்று. தென்னிந்தியாவின் நடுவில் இருக்கும் ஊர் பெங்களூர். சென்னை, கோவை, திருச்சி, கொச்சி, மங்களூர், ஹூப்ளி, ஹைதராபாத், கோவா எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு முன்னேபின்னே. மென்பொருள் வேலையால் வாரக் கடைசியில் ஊருக்குப் போய்த் திரும்பும் ஒரு கூட்டமும் அங்கே உருவாகியிருந்தது.

ஏர் டெக்கானின் முதல் விமானங்கள் 48 பேர் அமரும் ஏ.டி.ஆர். ரக விசிறி விமானங்கள். இலவசச் சாப்பாடு கிடையாது. தண்ணீரும் சாண்ட்விச்சும் விலைக்கு. இருக்கை எண் கிடையாது. முதலில் ஏறியவருக்கு ஜன்னல். டிக்கெட் பெட்ரோல் பங்கிலும் கிடைத்தது. ஆர்.கே. லக்ஷ்மணின் கட்டம்போட்ட சட்டைக்காரரான ‘சாமானிய மனிதர்’ விளம்பரச் சின்னமானார். பிறகு வந்ததுதான் நாடு முழுக்கப் பேசப்பட்ட ஒரு ரூபாய் டிக்கெட். அதில் வரியும் நிலையக் கட்டணமும் சேரவில்லை. ஒரு விமானத்தில் சில இருக்கைகளுக்குத்தான் அந்த விலை. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சில இருக்கைகளோடு ஒரு புதிய பழக்கம் நாட்டுக்குள் நுழைந்தது: ஒரே வரிசையில் அமர்ந்த இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருக்கலாம், இருவருக்கும் கிடைப்பது ஒன்றுதான் என்ற பழக்கம்.

இனி சென்னை விமானம் வானில் இருக்கும் ஐம்பது நிமிடத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். பெங்களூருக்கும் சென்னைக்கும் வான்வழித் தூரம் 300 கிலோமீட்டருக்கும் குறைவு. கால அட்டவணை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே காட்டினாலும் அதில் தரையில் ஊர்ந்து போகும் நேரமும் சேர்ந்திருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் பணியாளர்கள் தங்கள் இருக்கையில் வார் போட்டு அமர்ந்திருக்க வேண்டிய நிமிடங்களைக் கழித்தால், நடைபாதையில் வண்டி தள்ள மிஞ்சுவது இருபது, இருபத்தைந்து நிமிடம். ஏ320 விமானத்தில் சுமார் 180 பேர். ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளர் என்பது பாதுகாப்பு விதி. அதன்படி நான்கு பேர். இரண்டு வண்டிகள் இரு முனைகளிலிருந்தும் புறப்பட்டால் ஒவ்வொன்றும் 90 பேரைக் கவனிக்க வேண்டும். ஆளுக்குப் பதினாறு விநாடி. சைவமா அசைவமா என்று கேட்டு, தட்டை நீட்டி, சர்க்கரை வேண்டுமா என்று விசாரித்து, காபி ஊற்றி, பிறகு அதே 90 தட்டுகளைத் திரும்ப வாங்கி அடுக்குவதும் அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள்தான். கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் எடுப்பதற்கு ஆள் பின்னால் நின்றால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். முழுச்சேவை நிறுவனங்கள் இந்தத் தடத்தில் நெடுங்காலம் கொடுத்துவந்த சிறு பெட்டியை, அதற்குள்ளிருந்த சாண்ட்விச்சை, நாம் ஓரளவு கற்பனையில் இனிப்பாக்கி வைத்திருக்கிறோம் என்பது என் எண்ணம். பாதியில் தட்டைப் பிடுங்கிக்கொண்ட விருந்து அது.

சிக்கன விமானங்களில் வெந்நீர் ஊற்றினால் பொங்கும் உப்புமாவும் அவலும் நூடுல்ஸும் விற்பனைக்கு வந்ததும் இதே காரணத்தால்தான். அடுப்பு வேண்டாம், அடுப்பின் எடையும் வேண்டாம். வாங்குபவர் இருபது பேர் என்றால் இருபது பேருக்குத்தான் வேலை. வாங்காத 160 பேர் மறைமுகமாகப் பணியாளரின் நேரத்தை மிச்சப்படுத்தித் தருகிறார்கள். விற்பனை நடக்கிறது என்பது லாபம். பெரும்பாலோர் வாங்குவதில்லை என்பதும் லாபம்.

இதற்கு நேர் எதிரான சோதனையும் அதே பெங்களூரில்தான் நடந்தது. 2005 மே மாதம் விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் பறக்கத் தொடங்கியது. ஏர்பஸ் விமானங்களில் இருக்கைக்கு இருக்கை திரை, கையில் ஒரு சிறு பரிசுப் பை, சூடான சாப்பாடு, திரையில் தோன்றி வரவேற்கும் முதலாளி. பீர் பெயரைத் தாங்கிய அந்த விமானத்தில் பீர் மட்டும் கிடைக்கவில்லை, ஏனென்றால் இந்தியாவின் உள்நாட்டு விமானங்களில் மது பரிமாறக் கூடாது. பணம் உள்ளவர் உபசாரத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பார் என்பது மல்லையாவின் கணிப்பு. மும்பை–டெல்லி போன்ற இரண்டு மணி நேரப் பயணத்தில் அது ஓரளவு பலித்திருக்கலாம். ஆனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் தரையிறங்கும் தடங்களில், திரையில் படத்தின் பெயர் போடும்போதே விமானம் இறங்கத் தொடங்கிவிடும்.

2007இல் கிங்ஃபிஷர், ஏர் டெக்கானின் 26 விழுக்காட்டுப் பங்கை 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது. உள்நாட்டில் ஐந்து ஆண்டு பறந்த நிறுவனம்தான் வெளிநாடு போகலாம் என்று அப்போது விதி இருந்தது. டெக்கானுக்கு அந்த வயது சீக்கிரம் நிறையவிருந்தது. நிறைந்ததும் 2008 செப்டம்பரில் பெங்களூர்–லண்டன் விமானம் புறப்பட்டது. சாமானிய மனிதரின் நிறுவனம் ‘கிங்ஃபிஷர் ரெட்’ ஆகி, 2011 செப்டம்பரில் மல்லையா அதையும் மூடுவதாக அறிவித்தார். சிக்கனச் சந்தையில் போட்டியிடப்போவதில்லை என்றார். மறு ஆண்டு அக்டோபரில் கிங்ஃபிஷரே நின்றுபோனது. வீழ்ச்சிக்குக் கடன், எரிபொருள் விலை, நிர்வாகம் என்று பல காரணங்கள் உண்டு. சாப்பாட்டுத் தட்டின் மேல் பழி போட முடியாது. ஆனால் 2006 ஆகஸ்டில் தொடங்கிய இண்டிகோ, சாதாரண டிக்கெட்டுக்கு இலவசச் சாப்பாடு தராமல், இன்று உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்களை ஏற்றிச் செல்கிறது. தட்டு வராததற்காக இந்தியப் பயணி ஒரு நிறுவனத்தைத் தண்டித்ததாகத் தெரியவில்லை. நேரத்துக்குப் புறப்படாததற்காக நிச்சயம் முணுமுணுத்திருக்கிறார்.

அப்படியானால் குறும்பயண டிக்கெட்டின் விலையைத் தீர்மானிப்பது எது? விமானம் அதிக எரிபொருளைக் குடிப்பது மேலே ஏறும்போது. 300 கிலோமீட்டர் போனாலும் 1,700 கிலோமீட்டர் போனாலும் ஒரு முறைதான் ஏறுகிறது. இறங்கு கட்டணம், தரைப் பணியாளர் கூலி, சரிபார்ப்பு எல்லாமும் முறைக்கு இவ்வளவு என்று வருபவை. ஆகவே கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் குறும்பயணமே அதிகச் செலவு பிடிப்பது. சென்னைக்குக் கொடுத்த காசில் இன்னும் கொஞ்சம் போட்டால் டெல்லிக்கே போய்விடலாம் போலிருக்கிறதே என்று சிலர் வியப்பதற்கு விளக்கம் இது.

மாநில அரசுகள் விமான எரிபொருளுக்குப் போடும் விற்பனை வரியும் இதில் சேரும். தமிழ்நாட்டில் அது நீண்டகாலம் 29 விழுக்காடு. சிறு விமானங்களுக்கு மட்டும் மத்திய அரசு ஒரு சலுகை செய்தது: அவற்றின் எரிபொருளுக்கு வரி 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கூடவே, 80க்குக் குறைவான இருக்கை கொண்ட உள்நாட்டு விமானங்களுக்கு விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் இறங்கு கட்டணமும் இல்லை. பெங்களூரிலிருந்து திருச்சிக்கோ ஹூப்ளிக்கோ போகும் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானத்தில் ஏறினால் இருக்கைகளை எண்ணிப் பாருங்கள், 78 இருக்கும். ஸ்பைஸ்ஜெட் முதலில் வாங்கிய கியூ400 விமானங்களிலும் அதே 78. இரண்டு வெவ்வேறு நாட்டு ஆலைகளில் செய்த விமானங்கள் ஒரே எண்ணில் வந்து நின்றதற்குக் காரணம் பொறியியல் மட்டுமல்ல, அந்த 80 என்ற கோடும்தான். விசிறி விமானம் ஜெட்டைவிட மெதுவாகப் போனாலும் 300 கிலோமீட்டரில் அந்த வித்தியாசம் பத்து நிமிடத்தைச் சுற்றித்தான் இருக்கும். குறும்பயணக் கட்டணத்தைத் தாங்கிப் பிடித்தது இந்த மாதிரியான வரிக்கோடுகள். இலவசச் சாண்ட்விச்சை நிறுத்தியதில் மிச்சமானது இவற்றோடு ஒப்பிட்டால் சொற்பம்.

பயணி கொடுப்பதெல்லாம் விமான நிறுவனத்துக்கும் போவதில்லை. சாதாரண வகுப்புக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி., 2021 ஏப்ரல் முதல் ஆளுக்கு 200 ரூபாய் பாதுகாப்புக் கட்டணம், அதோடு விமான நிலையத்தின் பயனர் மேம்பாட்டுக் கட்டணம். டெல்லிக்குப் போகிறவரும் சேலத்துக்குப் போகிறவரும் பாதுகாப்புக் கட்டணமாகக் கட்டுவது ஒரே தொகை. டிக்கெட் மலிவாக மலிவாக அதில் இந்த நிலையான தொகைகளின் பங்கு வீங்குகிறது. இன்னொரு பக்கம், 2013இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், இருக்கைத் தேர்வு, சாப்பாடு, பெட்டி ஆகியவற்றைப் பிரித்துத் தனித்தனியாக விலை வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி தந்தது. 2021 பிப்ரவரியில், பெட்டி கொண்டுவராதவருக்குக் குறைந்த கட்டணம் என்ற ஏற்பாட்டுக்கும் வழிவிட்டது. காலையில் போய் மாலையில் திரும்பும் பெங்களூர்க்காரருக்கு இது நல்ல செய்தி. மாமியார் வீட்டுக்கு நான்கு பெட்டியோடு போகிற குடும்பத்துக்கு அப்படியல்ல.

பெங்களூரில் இதோடு இன்னொன்று சேர்ந்தது. 2008 மே 24 வரை விமானங்கள் ஊருக்குள்ளேயே ஹெச்.ஏ.எல். நிலையத்திலிருந்து புறப்பட்டன. எம்.ஜி. ரோட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போகலாம். அன்றோடு அது மூடப்பட்டு, 35 கிலோமீட்டர் தள்ளி தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறந்தது. 2004 ஒப்பந்தப்படி 25 ஆண்டுகளுக்கு 150 கிலோமீட்டர் தூரத்துக்குள் போட்டி விமான நிலையம் கூடாது. மைசூரு, ஹாசன் மட்டும் விதிவிலக்கு. பழைய நிலையம் மூடப்பட்டதும், தமிழக அரசு 2024 ஜூனில் அறிவித்த ஓசூர் விமான நிலையத்தின் வழியில் ஒரு கேள்விக்குறி நிற்பதும் அந்த ஒரே ஒப்பந்தத்தால்தான்.

தூரம் கூடியதில் நெடும்பயணக்காரருக்குப் பெரிய நஷ்டமில்லை. சென்னைக்குப் போகிறவருக்குத்தான் கணக்கு தலைகீழானது. ஜெயநகரிலிருந்து தேவனஹள்ளிக்கு ஒன்றரை மணி நேரம், புறப்பாட்டுக்கு முன் ஒன்றேகால் மணி நேரம், பறப்பது ஒரு மணி நேரம், மீனம்பாக்கத்திலிருந்து வீட்டுக்கு முக்கால் மணி நேரம். நாலரை மணி நேரம் ஆயிற்று. வந்தே பாரத்தும் ஏறக்குறைய அவ்வளவு நேரத்தில்தான் சென்னை சென்ட்ரலில் கொண்டுபோய் விடுகிறது, வயிற்றையும் நிரப்பி. 2018இல் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து விமான நிலையத்துக்குத் தும்பி ஏவியேஷன் என்ற நிறுவனம் ஹெலிகாப்டர் விட்டது. பதினைந்து நிமிடப் பயணத்துக்கு 3,500 ரூபாயும் வரியும். சென்னைக்கு மலிவான நாளில் விமான டிக்கெட் அதைவிடக் குறைவு. மணியை மிச்சப்படுத்த மனிதர்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதற்கு அதைவிடத் தெளிவான விலைப்பட்டியல் வேண்டாம்.

நிமிடத்துக்கு விலை என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது கொரோனாக் காலத்தில். 2020 மார்ச் 25 முதல் நிறுத்தப்பட்டிருந்த உள்நாட்டு விமானங்கள் மே 25 அன்று மீண்டும் பறந்தபோது, பறக்கும் நேரத்தை வைத்து ஏழு பிரிவுகளாகக் கட்டணம் வகுக்கப்பட்டது. 40 நிமிடத்துக்குள் என்றால் 2,000 முதல் 6,000 ரூபாய் வரை, 40 முதல் 60 நிமிடம் என்றால் 2,500 முதல் 7,500 வரை. வரிகள் தனி. சாப்பாடும் நிமிடத்தோடு கட்டப்பட்டது. முதலில் முழுத் தடை. பிறகு பொட்டலச் சாப்பாட்டுக்கு அனுமதி. 2021 ஏப்ரல் 15 முதல், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான விமானங்களில் சாப்பாடு கூடாது என்றார்கள். நவம்பரில்தான் தடை நீங்கியது. ஆக, சுமார் ஏழு மாதம் பெங்களூர்–சென்னை விமானத்தில் காசு கொடுத்தாலும் ஒரு பிஸ்கட் கிடையாது. இலவச உபசாரம் தரும் விமானத்துக்கும் எதுவும் தராத விமானத்துக்கும் அந்த மாதங்களில் சாப்பாட்டில் வித்தியாசமே இல்லை. அதனால் குறும்பயணத்தில் ஆள் குறைந்ததா? 2021 கோடையின் இரண்டாம் அலை தணிந்தபின் கூட்டம் திரும்பிவந்துகொண்டேதான் இருந்தது. கட்டண வரம்பு 2022 ஆகஸ்ட் இறுதியில் நீக்கப்பட்டது.

இன்னொரு விதியை எத்தனை பயணிகள் அறிந்திருக்கிறார்கள் என்பது சந்தேகம். 2010 ஆகஸ்ட் முதல் நடப்பில் இருக்கும் இயக்குநரக விதிப்படி, இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில் விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், காத்திருப்பவர்களுக்கு நிறுவனம் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். சிக்கன விமானத்துக்கும் இது பொருந்தும். அதாவது, பெங்களூர்–சென்னைச் சிக்கன விமானத்தில் இலவசச் சாப்பாடு சட்டப்படி கிடைக்க ஒரே வழி, விமானம் பறக்காமல் இருப்பது! ரத்தானால் தர வேண்டிய இழப்பீட்டிலும் கடிகாரம்தான் அளவுகோல்: ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. நிறுவனத்தின் கையை மீறிய காரணங்களுக்கு இது பொருந்தாது. கடைசி வாக்கியத்தில்தான் பல இழப்பீடுகள் காணாமல் போகின்றன.

2025 டிசம்பரில் இந்த விதிகளுக்கெல்லாம் ஒரு பெரிய தேர்வு வந்தது. விமானிகளின் ஓய்வு நேரத்தையும் இரவுப் பணியையும் பற்றிய புதிய விதிகள் நவம்பர் 1 முதல் முழுமையாக நடப்புக்கு வந்திருந்தன. அதற்கேற்ப ஆளைத் தயார் செய்யாத இண்டிகோ தடுமாறியது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. அதிகம் அடிபட்ட நிலையங்களில் பெங்களூரும் ஒன்று. மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை விண்ணுக்கு ஏறியதும் மறுநாள் அரசு வரம்பு விதித்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். இம்முறை அளவுகோல் தூரம். ஆனால் 2020இல் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு வைத்த அதே 7,500 மறுபடி வந்து நின்றதைக் கவனிக்கலாம். குறும்பயணத்துக்கு இதற்கு மேல் வாங்கினால் அது அநியாயம் என்று அரசுக்குத் தோன்றும் எல்லை ஐந்தாண்டுக்குப் பின் அதே இடத்துக்குத் திரும்பியிருந்தது போலும். உபசாரம் தருபவருக்கு ஒரு வரம்பு, தராதவருக்கு ஒரு வரம்பு என்று இரண்டு முறையும் யாரும் பிரிக்கவில்லை.

சாப்பாட்டுச் சண்டை உண்மையில் தரைக்கு இறங்கிவிட்டது. விமானத்தில் கிடைக்காது என்பதால் ஏறும் முன் சாப்பிடுகிறோம், அதற்கு நிலையத்தில் என்ன விலை என்பதே இன்றைய பேச்சு. நாடாளுமன்றத்தில் இது எழுப்பப்பட்டபின் 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் பத்து ரூபாய்க்கு டீ தரும் ‘உடான் யாத்ரி கஃபே’ திறந்தது. 2025 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்தது. சமோசா இருபது ரூபாய். பறக்கும் தட்டை மீட்கப் போராடுவதைவிட இது புத்திசாலித்தனமான கோரிக்கை என்றே நினைக்கிறேன். பசிப்பது வானத்தில் இருக்கும் ஐம்பது நிமிடத்தில் அல்ல, அதற்கு முன்னும் பின்னும் உள்ள மூன்றரை மணி நேரத்தில்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இன்றைய விலைமுறையில் ஒரு மாதம் முன்பே தேதி தெரிந்தவர் குறைவாகக் கொடுக்கிறார். கம்பெனி காசில் போகிறவருக்குக் கவலை இல்லை. நடுவில் சிக்குபவர் யார்? ஊரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வந்து, காலை முதல் விமானத்தைத் தேடுகிறவர். கோவைக்கோ மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ அவர் கொடுப்பதுதான் அந்த விமானத்தின் உச்ச விலை. அவருக்கு வேண்டியது சாண்ட்விச் அல்ல. இலவசத் தட்டைத் திரும்பக் கேட்டு எழுதப்படும் ஒவ்வொரு வரியும் இந்தக் கேள்வியிடமிருந்து பார்வையைத் திருப்புகிறது. ‘உடான்’ திட்டம் 2017இல் தொடங்கியபோது ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று வைத்த வரம்பும், விமானத்தின் பாதி இருக்கைகளுக்குத்தான் பொருந்தியது. முந்தியவருக்கு அது கிடைத்தது, அவசரக்காரருக்குக் கிடைக்கவில்லை.

2025 அக்டோபர் 13 அன்று அரசு நிறுவனமான அலையன்ஸ் ஏர், சில தடங்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது: எப்போது வாங்கினாலும், புறப்படும் நாளில் வாங்கினாலும், ஒரே கட்டணம். டிசம்பர் 31 வரை அது நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஏ.டி.ஆர். விமானங்களை வைத்துச் சிறு ஊர்களை இணைக்கும் நிறுவனம் அது. பெங்களூரிலிருந்து சேலம் வழியாகக் கொச்சிக்கு 2023 அக்டோபரில் விமானம் விட்டதும் அதுதான். கடைசி நேரத்தில் வருபவரிடம் கூடுதலாக வாங்காமல் 70 சொச்சம் இருக்கை கொண்ட விமானத்தை நட்டமில்லாமல் ஓட்ட முடியுமா என்பது ஒரு கணக்குக் கேள்வி. முன்பதிவு செய்பவர் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தால் அவசரக்காரரின் சுமை எவ்வளவு குறையும் என்பதை அந்த இரண்டரை மாத விற்பனைப் பதிவே தடம் தடமாகச் சொல்லிவிடும். அந்தப் பதிவை அலையன்ஸ் ஏர் பொதுவில் வைக்க வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனத்திடம் அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.